ஒரே படம், வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும்

2005 ஆகஸ்ட் 26, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் எங்கள் மும்பை அந்தேரி ஆபீசில் ஐந்து ஆண்கள் அவரவர் வீட்டுக்குப் போன் போட்டு ஒரே பொய்யைச் சொன்னார்கள். மாதக் கடைசி, கணக்கு முடிக்க வேண்டும், வர நேரமாகும், நீ சாப்பிட்டுவிட்டுப் படு. மராத்தியில் ஒன்று, குஜராத்தியில் இரண்டு, இந்தியில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. மொழி புரியாத இடத்திலும் பொய் புரிந்தது. ஐந்து குரலும் ஒரே மாதிரி களைத்துப்போயிருந்தன. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பொய் சொல்ல ஆள் இல்லாததால் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

ஆறு பேரும் 'நோ என்ட்ரி' என்ற இந்திப் படம் பார்க்கப் போனோம். அன்றுதான் வெளியாகியிருந்தது. பெண்டாட்டிக்குப் பொய் சொல்லும் புருஷன்களைப் பற்றிய படத்தைப் பார்க்க, பெண்டாட்டிக்குப் பொய் சொல்லிவிட்டுப் போகிறோம் என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கே இடைவேளையில் சமோசா வாங்க வரிசையில் நின்றபோதுதான் உறைத்தது. சொன்னேன். கேஷியர் மட்டும் சிரிக்கவில்லை. படம் விட்டதும் ஒரு பி.சி.ஓ., அதாவது பொதுத் தொலைபேசி பூத், தேடிப் போய்த் தன் வீட்டுக்கு மறுபடி போன் செய்தார். கையில் மொபைல் இருக்கிறதே என்று கேட்டதற்கு, ஆபீஸ் லேண்ட்லைன் மாதிரி நம்பர் தெரியட்டும் என்றார். படத்தை இயக்கிய அனீஸ் பாஸ்மிக்கு இவர் கதை எழுதிக் கொடுத்திருக்கலாம்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிஷன் என்கிற அனில் கபூர் பத்திரிகை நடத்துபவர். ஒரு தப்பும் செய்யாத மனிதர். மனைவி காஜல், லாரா தத்தா, அவரை நிமிஷத்துக்கு நிமிஷம் சந்தேகப்படுவார். நண்பன் பிரேம், சல்மான் கான், ஊரில் உள்ள பெண்களை எல்லாம் சுற்றி வருபவர். அவர் மனைவி பூஜா, ஈஷா தியோல், அவரைக் கோயில் விக்கிரகம் மாதிரி நம்புவார். தப்பு செய்யாதவனுக்குச் சந்தேகம், தப்பு செய்பவனுக்கு நம்பிக்கை. இவ்வளவுதான் கணக்கு. எப்படியும் திட்டு வாங்கத்தான் போகிறாய், செய்துவிட்டே வாங்கேன் என்று பிரேம் ஓதுவார். பாபி என்ற பெண்ணைப் பணம் கொடுத்து அனுப்பியும் வைப்பார். அது பிபாஷா பாசு. கிஷனிடம் வேலை பார்க்கும் போட்டோகிராபர் சேகராக பர்தீன் கான் இடையில் மாட்டிக்கொள்வார். அதற்கப்புறம் பொய்க்கு மேல் பொய், கதவுக்குப் பின்னால் கதவு.

சரி, எங்கே சிரித்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

வெள்ளிக்கிழமை அரங்கில் முக்கால்வாசி ஆண்கள். ஆபீஸ் விட்டு வந்தவர்கள், மடியில் சாப்பாட்டு டப்பா பை. பிரேம் ஒரு பொய்யைச் சொல்லித் தப்பிக்கும்போதெல்லாம் அரங்கமே சிரித்தது. வெறும் சிரிப்பு இல்லை, கைதட்டலோடு. ஒருவன் கைதட்டி, அடுத்தவன் தொடையில் தட்டி, பின்வரிசையில் விசில். மனைவி அப்பாவியாக நம்பும் முகத்தை கேமரா காட்டும் நேரத்தில் சத்தம் இரண்டு மடங்கு. கிஷன் கை நடுங்கிக் கண்ணைச் சுழற்றும் இடங்களில் அவ்வளவு இல்லை. அங்கே ஒரு மாதிரி பொறுமையிழந்த முனகல்தான் கேட்டது. அட, சீக்கிரம் சொல்லித் தொலைடா என்பது போல. ஆண்களுக்கு அன்று பிரேம் கெட்டிக்காரன், கிஷன் சொதப்பல்காரன். நானும் அப்படித்தான் சிரித்தேன். 26 வயது. கல்யாணம் ஆனவர்களோடு சேர்ந்து சிரித்தால் நாமும் பெரிய மனிதர் ஆகிவிட்டது போல ஒரு நினைப்பு.

அடுத்த நாள் ராத்திரி எங்கள் வீட்டு அண்ணாச்சி, நாளைக்கு எல்லாருமா ஒரு படத்துக்குப் போவோம் தம்பி, நல்ல சிரிப்புப் படமாம் என்றார். நான் செம்பூரில் அவர் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மும்பைக்கு வந்து முப்பது வருஷம். பாத்திரக்கடை. அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆக, எனக்கும் பொய் சொல்ல ஒரு ஆள் கிடைத்தது.

ஞாயிறு மதியக் காட்சி. முழுக்கக் குடும்பங்கள். மதினி, அவர் தங்கை, பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மா, அவர் மருமகள், வரிசையாக நாலு பெண்கள், ஓரத்தில் அண்ணாச்சியும் நானும். பிரேம் முதல் பொய்யைச் சொல்கிறார். வெள்ளிக்கிழமை கூரை பிய்ந்த இடம். இங்கே ஒரு சின்னச் சிரிப்பு, அதுவும் ஆண்கள் இருக்கைகளிலிருந்து. நான் ரொம்பச் சத்தமாகச் சிரிக்கப் போய் நடுவில் நிறுத்திக்கொண்டேன். மதினி என் பக்கம் திரும்பி, "எதுக்கு தம்பி சிரிக்கிய?" என்றார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஆனால் கிஷன் வந்ததும் நிலைமை மாறியது. செல்போன் அடிக்கிறது, அவர் துள்ளிக் குதிக்கிறார். வாசல் மணி அடிக்கிறது, முகம் வெளுக்கிறது. பெண்கள் வரிசை குலுங்கியது. மராத்திக்கார அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, முந்தானையால் துடைத்து, மறுபடி சிரித்தார். அவர் மருமகள் மாமியார் தோளில் சாய்ந்து சிரித்தார். அவர்கள் வீட்டில் அப்படி நான் பார்த்ததே இல்லை. மதினி வாயைப் பொத்திக்கொண்டு உடம்பு மட்டும் ஆடச் சிரித்தார். ஆண் பயப்படும் ஒவ்வொரு இடத்திலும் சிரிப்பு. தப்பிக்கும் இடத்தில் மௌனம். வெள்ளிக்கிழமை ஆண்கள் பார்த்தது ஒருவன் தப்பிக்கும் படம். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பார்த்தது ஒருவன் நடுங்கும் படம். பிலிம் பெட்டி ஒன்றுதான்.

2005இல் இந்தியில் அதிகம் வசூலித்த படம் அது. இதே சாயலில் முந்தைய வருஷம் 'மஸ்தி'யும் நன்றாக ஓடியிருந்தது. மூன்று புருஷன்கள், மூன்று பேருக்கும் வீட்டில் சலிப்பு, வெளியே போய் மாட்டிக்கொண்டு, கடைசியில் எல்லாமே மனைவிகள் போட்ட திட்டம் என்று முடியும். இந்த வகைப் படங்களில் எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. நாயகன் எல்லா ஏற்பாடும் செய்வான், அறை எடுப்பான், செண்ட் அடிப்பான், பொய் சொல்வான். காரியம் மட்டும் நடக்காது. கடைசி நிமிஷத்தில் கதவு தட்டப்படும். முயற்சிதான் உண்டு, முடிவு கிடையாது. மன்னிக்க வசதியாக இருக்கட்டும் என்று திரைக்கதைக்காரர்கள் செய்யும் ஏற்பாடு இது. பிரேம் மாதிரி நிஜமாகவே செய்கிறவன் இரண்டாவது நாயகனாக இருப்பான். அவன் செய்வதைப் படம் நமக்குக் காட்டாது, சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகும்.

'நோ என்ட்ரி'யின் கதை நம்மிடமிருந்து போனதுதான். 2002இல் சக்தி சிதம்பரம் இயக்கிய 'சார்லி சாப்ளின்'. பிரபு, பிரபுதேவா நடித்தது. அங்கே ஊர் மேயும் நண்பன் லிவிங்ஸ்டன். அந்தப் பாத்திரம் தமிழில் நாயகனுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள், கெட்ட யோசனை சொல்லிவிட்டு உதை வாங்கும் ஆள். இந்திக்குப் போனதும் அதே ஆள் சல்மான் கான் ஆகிவிட்டார். போஸ்டரில் முன்னால் வந்துவிட்டார். லிவிங்ஸ்டன் பொய் சொன்னால் அசடு என்று சிரிப்போம். சல்மான் கான் அதே பொய்யைச் சொன்னால் கெத்து என்று விசிலடிப்போம். கதையில் ஒரு வரி மாறாமலேயே படத்தின் நியாயம் மாறிவிடுகிறது. இதைத்தான் நடிகர் தேர்வு என்கிறார்கள். தெலுங்கு, கன்னடம், மலையாளம், மராத்தி என்று அந்தக் கதை அப்புறம் ஊர் ஊராகச் சுற்றியது. பெரிய இலக்கியத்துக்குக்கூட இவ்வளவு மொழிபெயர்ப்பு நடப்பதில்லை.

அதற்கு முன்னாலும் ஒரு ஏற்றுமதி உண்டு. 1995இல் பாலு மகேந்திரா எடுத்த 'சதி லீலாவதி', 1999இல் டேவிட் தவானின் 'பீவி நம்பர் 1' ஆனது. தமிழில் ரமேஷ் அரவிந்தும் கல்பனாவும், இந்தியில் சல்மான் கானும் கரிஷ்மா கபூரும். இதிலும் சல்மானின் பெயர் பிரேம்தான், இதிலும் அனில் கபூர் உண்டு. சதி என்ற சொல்லுக்குத் தமிழில் பத்தினி என்றும் பொருள், சூழ்ச்சி என்றும் பொருள். வெளியே போன புருஷனை வழிக்குக் கொண்டுவர லீலாவதி செய்வது இரண்டும். இந்தித் தலைப்பில் அந்த விளையாட்டு போய், மனைவிக்கு ரேங்க் கொடுத்துவிட்டார்கள். தமிழில் கல்பனா பருமனான, வீட்டோடு இருக்கும் பெண், அதனால்தான் புருஷனுக்குக் கூச்சம். கரிஷ்மாவைப் பார்த்து எந்தப் புருஷன் கூச்சப்படுவான்? படத்தின் அடித்தளமே ஆடிப்போகிறது. ஆனாலும் ஓடியது. அந்த வருஷத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று.

எனக்கு இந்த வகையில் பிடித்தது எல்லாவற்றுக்கும் முந்தியது. 1978இல் பி.ஆர். சோப்ரா எடுத்த 'பதி பத்னி அவுர் வோ'. கமலேஷ்வர் எழுதியது. சஞ்சீவ் குமார் தன் புதுச் செயலாளரிடம், என் மனைவிக்குப் புற்றுநோய், அதிக நாள் இருக்கமாட்டாள் என்று சொல்லி அனுதாபம் சம்பாதிப்பார். வீட்டில் வித்யா சின்ஹா வாட்டசாட்டமாக உட்கார்ந்து தோசை வார்க்காத குறை. கைக்குட்டையில் இருக்கும் லிப்ஸ்டிக் கறையால் சஞ்சீவ் குமார் மாட்டிக்கொள்வார். சஞ்சீவ் குமாரின் முகத்தில் ஒரு நடுத்தர வயது ஏக்கம் இருக்கும் பாருங்கள், அதைப் பார்த்தால் கோபமும் வரும், அட பாவி என்றும் தோன்றும். கடைசியில் திருந்திவிட்டார் என்று நாம் எழுந்துகொள்ளும் நேரத்தில் வேறொரு செயலாளர் உள்ளே வருவார். பர்வீன் பாபி. சஞ்சீவ் குமாரின் கண் மறுபடி மலரும். இருபத்தேழு வருஷம் கழித்து வந்த படங்களைவிட அந்தப் படம் நேர்மையானது. திருந்திவிட்டான் என்று சத்தியம் செய்யவில்லை.

2019இல் அதே பெயரில் புதிதாக எடுத்தார்கள். படம் வருவதற்கு முன்பே முன்னோட்டத்தில் நாயகன் ஒரு நீண்ட வசனம் பேசினான். கேட்டால் பிச்சைக்காரன், கொடுக்காவிட்டால் கொடுமைக்காரன், எப்படியாவது அடைந்துவிட்டால் வன்புணர்வாளன் என்று புருஷன்கள் படும் பாட்டைப் புலம்பும் வசனம். 1978 என்றால் யாராவது ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்திருப்பார்கள், தெரிந்திருக்காது. இந்த முறை பெரிய எதிர்ப்பு கிளம்பி, அந்த வரியை மாற்ற வேண்டி வந்தது. எனக்கு அதில் சுவாரஸ்யமாகப் பட்டது வேறு. அந்தப் புலம்பல், எங்கள் ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் தினமும் கேட்டதுதான். அங்கே நாங்கள் ஆண்கள் மட்டும் இருந்தோம். அரங்கிலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரும்பாலும் ஆண்கள்தான் இருந்தோம். முன்னோட்டத்தை மட்டும் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டார்கள்.

மறுபடி 2005க்கு வருகிறேன். அந்த மழைக்காலத்தை மும்பைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். படம் வெளியாவதற்குச் சரியாக ஒரு மாதம் முந்தி, ஜூலை 26இல், சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ரயில் நின்றது, சாலை மூழ்கியது, போன் செத்தது. லட்சக்கணக்கானவர்கள் ராத்திரி முழுக்க எங்கெங்கோ கிடந்தார்கள். ஆபீஸ் மேஜையில், மேம்பாலத்தில், முன்பின் தெரியாதவர் வீட்டில். நிறையப் பேர் திரும்பி வரவில்லை. திரும்பி வந்தவர்களிடம் ஒரு மாதம் கழித்து அது கொஞ்சம் கொஞ்சமாக நகைச்சுவை ஆகியிருந்தது. யாராவது தாமதமாக வந்தால், ஜூலை 26 ராத்திரி எங்கே இருந்தாய் என்று கேட்பது எங்கள் ஆபீசில் நிரந்தரக் கிண்டல். ஒரு ராத்திரி முழுக்க எந்தப் புருஷன் எங்கே இருந்தான் என்று எந்த மனைவிக்கும் தெரியாத ஊர் அது. படத்தில் செல்போன் அடிக்கும்போது அரங்கம் அப்படிச் சிரித்ததில் அதற்கும் கொஞ்சம் பங்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். போன் போகாத ராத்திரியின் பயம் எல்லோருக்கும் புதிதாக இருந்தது.

அதே ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. மகாராஷ்டிர அரசு நடன பார்களைத் தடை செய்தது. குடும்பங்கள் கெடுகின்றன, இளைஞர்கள் சீரழிகிறார்கள் என்பது சொன்ன காரணம். மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களுக்குத் தடை கிடையாது. அங்கே போகிறவர்களின் குடும்பம் கெடாது போலிருக்கிறது. வேலை இழந்த பெண்கள் 75,000 பேர் என்று அப்போது ஒரு கணக்கு புழங்கியது. சில வாரங்களில் பாபியின் நடனத்துக்கு அதே நகரத்தின் குடும்பங்கள் பாப்கார்னோடு உட்கார்ந்து தாளம் போட்டன. உயர்நீதிமன்றம் 2006இல் தடையை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் அதை 2013இல்தான் உறுதி செய்தது. வேலை போனவர்களுக்கு எட்டு வருஷம் என்பது ஒரு ஆயுள்.

பாபியை யாரும் பேசுவதில்லை. படத்தின் பிற்பகுதியில் அவளுக்கு நோயாளிக் கணவன் ஒருவன் இருப்பதும், அவன் வைத்தியத்துக்காகத்தான் இந்த வேலைக்கு வந்தாள் என்பதும் தெரியவரும். ஆண்களின் மனசாட்சி உறுத்தாமல் இருக்கக் கதாசிரியர் வைத்த சொருகல் அது. ஆனால் இதைச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 497ஆவது பிரிவு அப்போது உயிரோடு இருந்தது. ஒருவன் இன்னொருவனின் மனைவியோடு, அந்தக் கணவனின் சம்மதமில்லாமல் உறவு வைத்தால் ஐந்து வருஷம் வரை சிறை. அவள் கல்யாணமாகாதவள் என்றாலோ விதவை என்றாலோ குற்றமே இல்லை. புகார் கொடுக்கும் உரிமை அந்தப் பெண்ணின் கணவனுக்கு. ஏமாற்றப்பட்ட மனைவிக்குக் கிடையாது.

அதாவது படத்தில் காஜலும் பூஜாவும் எவ்வளவு அழுதாலும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் இல்லை. புகார் கொடுக்கத் தகுதியுள்ள ஒரே ஆள், படுக்கையில் கிடக்கும் பாபியின் புருஷன். இதை எனக்கு எடுத்துச் சொன்னவர் ஒரு வக்கீல் நண்பர், 2018 செப்டம்பர் 27 அன்று. அன்றுதான் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அந்தப் பிரிவைத் தூக்கி எறிந்தார்கள். மனைவி கணவனின் உடைமை அல்ல என்பது தீர்ப்பின் சாரம். அதே பிரிவு செல்லும் என்று 1985இல் எழுதியவர் நீதிபதி ஒய்.வி. சந்திரசூட், செல்லாது என்று எழுதிய ஐவரில் அவர் மகன் டி.ஒய். சந்திரசூட்டும் ஒருவர். அன்று தொலைக்காட்சி விவாதங்களில், இனி யாரும் யாரோடும் போகலாமாம் என்று பொங்கிய ஆண்களைப் பார்த்தேன். அதற்கு முந்தைய 158 வருஷமும் அவர்கள் போகலாம் என்றுதான் சட்டம் இருந்தது, கல்யாணமாகாதவளாகப் பார்த்துப் போக வேண்டும், அவ்வளவுதான்.

நம் பழைய பாட்டுக்காரர்கள் இந்த விஷயத்தில் இன்னும் தெளிவு. பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வரும் தலைவனை உள்ளே விடாமல் நிறுத்துவதற்குச் சங்கப் பாட்டில் ஒரு துறையே இருக்கிறது, வாயில் மறுத்தல் என்று. நோ என்ட்ரிக்கு அதைவிடச் சரியான தமிழ் கிடைக்காது. குறுந்தொகையில் ஆலங்குடி வங்கனார் பாட்டு ஒன்று, எட்டாவது. பேசுகிறவள் பரத்தை. என் வீட்டில் இருக்கும்போது பெரிய பெரிய பேச்சாகப் பேசினான், தன் வீட்டுக்குப் போனதும், கண்ணாடியில் தெரியும் பாவை நாம் கையைத் தூக்கினால் கையையும் காலைத் தூக்கினால் காலையும் தூக்குவதுபோல, மகனைப் பெற்றவள் சொன்னபடி ஆடுகிறான் என்பாள். கிஷனின் முகம் முழுக்க இந்த ஒரு உவமையில் இருக்கிறது. மனைவியும் சிரிக்கலாம், அந்த இன்னொருத்தியும் சிரிக்கலாம். அவன் மட்டும் சிரிக்க முடியாது. நம் சினிமா இதே கதையை எடுத்து, அவன் மட்டும் சிரிக்கிற மாதிரி மாற்றி வைத்திருக்கிறது.

போன கோடை விடுமுறையில் படம் டிவியில் ஓடியது. என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே பார்த்தாள், மகள் போனைப் பார்த்துக்கொண்டே பார்த்தாள். மனைவி பாபிக்கு மட்டும், ஐயோ என்றாள். வேறு எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. மகளுக்குப் பதினாலு வயது. அவளுக்கு ஒரு இடத்திலும் சிரிப்பு வரவில்லை, குழப்பம்தான் வந்தது. ஏன் லொக்கேஷன் அனுப்பச் சொல்லவில்லை? ஏன் வீடியோ கால் போடவில்லை? புருஷன் ஆபீசில் இருக்கிறேன் என்று சொன்னால் மனைவி ஏன் நம்புகிறாள்? அவளுக்குப் பதில் சொல்லப் போய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து தொடங்க வேண்டியதாகிவிட்டது. பொய் சொல்வதற்கு ஒரு காலத்தில் எவ்வளவு இடம் இருந்தது என்று அவளுக்கு விளக்குவது சங்கடமான வேலை. கேஷியரின் பி.சி.ஓ. கதையைச் சொன்னேன். மனைவி கத்தியை வைத்துவிட்டு, "அன்னைக்கு நீங்க யார்கிட்ட பொய் சொன்னீங்க?" என்று கேட்டாள். எனக்குத்தான் கல்யாணமே ஆகலையே என்றேன். அப்புறம் மதினி ஞாபகம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். புருஷன்கள் அழுது, மனைவிகள் மன்னிக்கும் கட்டம். வெள்ளிக்கிழமை ஆண்கள் அந்த இடத்தில் ஒரு பெருமூச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். கேஷியர் கண்ணைக்கூடத் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் மன்னிப்பைப் பார்க்கவே இல்லை. முதல் கண்ணீர் வந்ததும் மராத்திக்கார அம்மா காலால் துழாவிச் செருப்பைத் தேடினார். மருமகள் குழந்தையின் தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் திணித்தார். மதினி தங்கையிடம் ராத்திரிக்கு மாவு இருக்கிறதா என்று கேட்டார். எப்படி முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டிலும் அப்படித்தான் முடிகிறது.

திரும்பும்போது ஆட்டோவில் மதினி, அண்ணாச்சி, நான். சிக்னலில் நின்றபோது மதினி திடீரென்று, "அன்னைக்கு வெள்ளத்தில ராத்திரி பூரா எங்க இருந்திய?" என்று கேட்டார். அண்ணாச்சி ரோட்டைப் பார்த்துக்கொண்டே, கலீனாவில் டபுள் டெக்கர் பஸ் மாடியில் என்றார். எத்தனை தடவை சொல்ல என்று அலுத்துக்கொண்டார். மதினிக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அண்ணாச்சி இப்போது இல்லை. மதினி பாளையங்கோட்டையில் மகளோடு இருக்கிறார். படம் டிவியில் ஓடிய அன்று ராத்திரி போன் செய்தேன். படம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். பெயர் மறந்துவிட்டது, அனில் கபூர் முழித்தது நினைவிருக்கிறது என்றார். ஏற்கெனவே பார்த்துவிட்டுத்தான் அன்று அவர்களோடு வந்தேன் என்பதை இருபது வருஷம் கழித்துச் சொன்னேன்.

"தெரியும் தம்பி. சிரிப்பு வரதுக்கு முந்தியே சிரிச்சியளே."

பேச்சு அண்ணாச்சி பக்கம் போனது. டபுள் டெக்கர் பஸ் கதையை நானாகத்தான் எடுத்தேன். மதினி சிரித்தார். "ஒருக்க டபுள் டெக்கரும்பாவ. ஒருக்க லாரிம்பாவ. ஒருக்க யாரோ குஜராத்திக்காரன் வீட்டு மொட்டை மாடிம்பாவ. சண்டை வராத நாளா பாத்து நானும் கேப்பேன். புதுசா ஒண்ணு சொல்லுவாவ."

கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"கண்டுபிடிச்சா அப்புறம் கேக்க முடியாதுல்லா" என்றார். பிறகு, அங்கே மழை ஆரம்பித்துவிட்டதா, குடை எடுத்துக்கொண்டு போகிறீர்களா என்று விசாரித்தார்.